பத்து ரூபாய் காசுல நடுவட்டம் மட்டும் திரும்பியிருக்குது: மின்ட் எரரா, பட்டறை வேலையா?

#1 நொய்யல்கரை (திருப்பூர்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. எரர் காயின்னு, அதாவது மின்ட்லயே (காசு அடிக்கிற அரசு ஆலை) தப்பா அடிபட்டு வந்ததுன்னு சொல்லி ரெண்டு காசு விலைக்கு வந்திருக்குது. அளந்த விவரம் கீழ இருக்குது, பார்த்துச் சொல்லுங்க.

முதல் காசு பத்து ரூபாய், ரூபாய்க் குறி போட்ட டிசைன். வெளி வளையத்துல பாரத், இந்தியாங்கிற எழுத்து நேரா நிக்குது. நடுவட்டத்துல இருக்கிற சிங்கம் மட்டும் 40 டிகிரி சாஞ்சு கிடக்குது. எடை 7.70 கிராம், விட்டம் 27 மி.மீ.

ரெண்டாவது பதினோரு முனை ரெண்டு ரூபாய், வருஷம் 1998. முனையெல்லாம் மழுங்கி, பாதி வட்டமா இருக்குது. எடை 4.86 கிராம். காந்தம் ஒட்டுது.

#2 சிட்கோ பட்டறை (கோவை)

முதல் காசைத் திருப்பிக் கொடுத்துடுங்க. அது மின்ட்ல நடக்க வழியே இல்லாத ஒண்ணு.

பத்து ரூபாய் காசுல வளையம் தனி, நடுவட்டம் தனி. வளையம் அலுமினியம் வெண்கலம், நடுவட்டம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டுமே வெறும் தகடுதான், ஒண்ணுலயும் எழுத்து இருக்காது. வளையத்துக்குள்ள நடுவட்டத்தை உக்கார வெச்சு, ரெண்டையும் ஒட்டுக்கா ஒரே அடி அடிக்கிறாங்க. சிங்கமும் எழுத்தும் ஒரே டையில (காசு அடிக்கிற அச்சு) வெட்டினது. டை கோணலா நின்னாலும் ரெண்டும் சேர்ந்தேதான் கோணலாகும். சிங்கம் மட்டும் தனியா சாயறதுக்கு அங்க வேலையே இல்லை.

வெளிய எப்படி செய்யறாங்கன்னா, நடுவட்டத்தை விட விட்டம் குறைஞ்ச ஒரு பஞ்ச் வெச்சு ஹேண்ட் பிரஸ்ல தட்டினா நடுவட்டம் கழண்டு வந்துடும். திருப்பியோ, தலைகீழாப் போட்டோ மறுபடி அமுக்கிடறாங்க. லென்ஸ் வெச்சுப் பாருங்க. வளையமும் நடுவட்டமும் சேர்ற கோட்டுல, ஒரு பக்கத்துல மட்டும் வளையத்தோட உள் உதடு நசுங்கி, பளபளன்னு புதுசா வெட்டின உலோகம் தெரியும். நடுவட்டத்து ஓரத்துல பஞ்ச் பட்ட வட்டத் தடமும் இருக்கும். அது தெரியலைன்னா கிரானைட் மேல போட்டு சத்தம் கேளுங்க. நல்ல காசு கணீர்னு நிக்கும், கழட்டிப் போட்டது சத்துங்கும்.

இந்த மாதிரி ரெண்டு உலோகக் காசுல (பைமெட்டல்) உண்மையான எரர் வேற மாதிரி. நடுவட்டம் சரியா உக்காராம ஒரு பக்கம் தள்ளி, வளையத்து மேல கொஞ்சம் ஏறி நிக்கும். டிசைன் மட்டும் அந்த ஏறின இடத்துலயும் அறுபடாம ஒரே கோட்டுல ஓடும், ஏன்னா உலோகம் தள்ளினதுக்கு அப்புறம்தான் டை விழுந்திருக்குது. நடுவட்டமே இல்லாம வளையம் மட்டும் அடி வாங்கினதுன்னா, உள் ஓட்டையோட விளிம்பு நெகிழ்ந்து உள்பக்கமா வழிஞ்சிருக்கணும். ஓட்டை சுத்தமா, நேர் சுவரா இருந்தா அடிச்சதுக்குப் பொறவு கழட்டினதுன்னு அர்த்தம்.

#3 மஞ்சள்மண்டி (ஈரோடு)

சிட்கோ அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கங்க. ஒரு பக்கத்தை நேரா வெச்சுட்டு மறுபக்கம் திருப்பினா, வளையமும் நடுவட்டமும் ஒட்டுக்காவே சாஞ்சிருந்தா அது நிஜமான டை ரொட்டேஷன், அதாவது டை திரும்பி நின்னு அடிச்சது. நம்ம காசெல்லாம் புத்தகப் பக்கம் புரட்டுற மாதிரி இடவலமாத் திருப்பினா மறுபக்கமும் நேரா நிக்கணும். பாகைமானி வெச்சுக் கோணத்தை அளந்து எழுதி வைங்க. பத்து, பதினஞ்சு டிகிரிக்குள்ள இருக்கிறதை யாரும் சட்டை பண்றதில்லை. 90, 180ன்னா கேட்டு வாங்குவாங்க.

இன்னொண்ணு, டையைப் பிடிச்சிருக்கிற ஸ்க்ரூ தளர்ந்தா டை கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பும். அதனால ஒரே வருஷம், ஒரே மின்ட்ல வேற வேற கோணத்துல பல காசு வந்திருக்கும். "உலகத்துலயே ஒண்ணுதான்"னு டை ரொட்டேஷனுக்கு விலை சொன்னா நம்பாதீங்க.

#4 நொய்யல்கரை (திருப்பூர்)

நன்றிங்ணா, நன்றிங்க்கா. முதல் காசு வேண்டாம்னு சொல்லியாச்சு. லென்ஸ்ல பார்த்தா உள் உதடு ஒரு பக்கம் நசுங்கித்தான் இருக்குது. ரெண்டாவதைப் பத்திச் சொல்லுங்க.

#5 அமராவதி மணல் (கரூர்)

ரெண்டாவது ஆசை காட்டுது. 1992ல இருந்து 2004 வரைக்கும் வந்த பதினோரு முனை ரெண்டு ரூபாய் செம்பு-நிக்கல் கலவை. 26 மி.மீ., 6 கிராம், காந்தம் ஒட்டவே ஒட்டாது. அதே காலத்து ஒரு ரூபாய் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 25 மி.மீ., 4.85 கிராம், காந்தம் ஒட்டும். உங்க காசு 4.86, காந்தம் ஒட்டுது. ஒரு ரூபாய் தகடு ரெண்டு ரூபாய் பிரஸ்ல போய் விழுந்திருக்கலாம்.

ஆனா எடையும் காந்தமும் ஒத்து வந்தது போதாது. அடர்த்தி பாருங்க. செலவில்லாத வேலை. 0.01 கிராம் காட்டுற தராசுல சின்ன டம்ளர்ல தண்ணி வெச்சு, டேர் அமுக்கி பூஜ்யம் பண்ணுங்க. காசை மெல்லிசு நைலான் நூல்ல கட்டி, தண்ணிக்குள்ள முழுசா முங்கற மாதிரி, அடியிலயும் சுவத்துலயும் படாம தொங்க விடுங்க. நூல் நுனியைக் கையில பிடிக்காம மேல ஒரு குச்சியில மாட்டுங்க, கை ஆடினா எண் ஆடும். அப்போ தராசு காட்டுறதுதான் காசு விலக்கின தண்ணியோட எடை. காசோட எடையை அதால வகுத்தா அடர்த்தி.

செம்பு-நிக்கல்னா 8.9 கிட்ட வரும். இந்த ஸ்டீல் 7.7 கிட்ட. 4.86 கிராம் காசுக்கு ஸ்டீல்னா 0.63, செம்பு-நிக்கல்னா 0.54 அல்லது 0.55 காட்டும். தராசு இதைப் பிரிச்சுக் காட்டிடும். தப்பு வர்றது குமிழியால. எழுத்து இடுக்குல காத்துக் குமிழி ஒட்டிக்கிட்டா தண்ணி அதிகமா விலகி, அடர்த்தி குறைஞ்சு தெரியும். சோப்புத் தண்ணி ஒரு சொட்டு விட்டாப் போதும், குமிழி நிக்காது.

#6 சிட்கோ பட்டறை (கோவை)

அமராவதி அண்ணா சொன்ன கணக்கு சரி. நான் முனையைப் பார்க்கச் சொல்வேன்.

டை அடிக்கும்போது சுத்தி நிக்கிற காலர்தான் பதினோரு முனையைக் கொடுக்கிறது. 25 மி.மீ. வட்டத் தகடு அதுக்குள்ள லூசா உக்காரும். அடி விழுந்தா உலோகம் பரவி முதல்ல நேர்ப்பக்கங்களைத் தொடும், முனைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அடி முடிஞ்சிடும். ஸ்டீல் செம்பு-நிக்கலை விடக் கெட்டி வேற, பரவறதும் குறைச்சல். ஆகவே நிஜமான காசுல நேர்ப்பக்கத்து நடுவுல விளிம்பு எழும்பியும், முனைகள்ல உருண்டு தேஞ்ச மாதிரியும் இருக்கணும். எழுத்தும் ஆழமில்லாம, ஓரமாப் போகப் போக மங்கணும்.

போலின்னா ரெண்டு வழி. ஒண்ணு, நல்ல ரெண்டு ரூபாயை லேத்துல பிடிச்சு முனையைச் சீவி எடை குறைக்கிறது. அதுல காந்தம் ஒட்டாது, அங்கயே மாட்டிக்கும். இன்னொண்ணு, பிரதி டை செஞ்சு ஸ்டீல் காசு மேலயே அடிக்கிறது. அதுல பழைய ஒரு ரூபாய் டிசைனோட நிழல் எங்கயாவது ஒளிஞ்சிருக்கும். விளக்கைத் தாழ்வா, மேசை மட்டத்துல சாய்ச்சுப் பிடிச்சு காசை மெல்லச் சுத்துங்க. வெறும் இடத்துல மேடு பள்ளம் தெரிஞ்சா உஷார். பிரதி டையில எழுத்து ஓரம் கத்தி மாதிரி நிக்காது, சோப்பு தேஞ்ச மாதிரி இருக்கும்.

#7 கொல்லிச்சாரல் (நாமக்கல்)

கோவை ராஜ வீதிப் பக்கம் நகைக்கடைகள்ல காரட் மீட்டர் இருக்குதே, அதுல வெச்சா ஒரு நிமிஷத்துல உலோகம் தெரிஞ்சிடாதா?

#8 அமராவதி மணல் (கரூர்)

தெரியும் தம்பி. ஆனா அந்த மெஷின் எக்ஸ்ஆர்எஃப், அதாவது எக்ஸ்ரே விட்டு உலோகம் பார்க்கிறது, மேல்தோலை மட்டும்தான் படிக்கும். நிக்கல் முலாம் போட்டிருந்தா நிக்கல்னு சொல்லிடும். அதோட அந்த மெஷினைத் தங்கம் பார்க்கத்தான் செட் பண்ணி வெச்சிருப்பாங்க. செம்பு, நிக்கல், இரும்பு இருக்குதா இல்லையான்னு தெரிஞ்சுக்கலாம், சதவீதத்தை அப்படியே நம்ப முடியாது. அடர்த்திதான் உள் வரைக்கும் பார்க்கும். ரெண்டும் ஒத்து வந்தா நல்லது.

#9 மஞ்சள்மண்டி (ஈரோடு)

புதுசா வர்றவங்க எரர்னு நினைச்சு ஏமாறுறதுல பாதி, ஒழுங்கா வெளியிட்ட காசுதான்.

அஞ்சு ரூபாய் 1992 முதல் 9 கிராம் கனத்த செம்பு-நிக்கல். 2007ல அதே 23 மி.மீ. அளவுல 6 கிராம் ஸ்டீல் காசு வந்துச்சு. 2009ல பித்தளை நிறத்துக்கு மாறிடுச்சு. ஸ்டீல் அஞ்சு ரூபாயைக் காட்டி "தப்பு உலோகத்துல அடிச்சது"ன்னு விக்கிறாங்க. அது எரர் இல்லை.

வருஷத்துக்குக் கீழ புள்ளியோ நட்சத்திரமோ இல்லைன்னா "மின்ட் மார்க் விட்டுப்போன காசு"ங்கிறாங்க. கல்கத்தா மின்ட் குறியே போடறதில்லை. டயமண்ட் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப் புள்ளி நொய்டா. மொத்தமே நாலு மின்ட்தான்.

வைஷ்ணோ தேவி படம் போட்ட 2012 காசு நினைவு வெளியீடு. லட்சம் தர்றோம்னு வர்ற விளம்பரத்துல "பதிவுக் கட்டணம்", "வரி"ன்னு முதல்ல நம்மகிட்ட பணம் கேட்பாங்க. இதுல ரிசர்வ் வங்கி பேரையே பயன்படுத்தறாங்கன்னு 2021 ஆகஸ்ட்ல அந்த வங்கியே எச்சரிக்கை விட்டது. பழைய காசு, நோட்டு வாங்கி விக்கிற வேலை எதுலயும் தாங்கள் இல்லை, கமிஷனும் கேட்கறதில்லைன்னு தெளிவாச் சொல்லியிருக்குது. வயசானவங்க ஃபோன்ல இந்த மாதிரி வந்தா தயவு செஞ்சு எடுத்துச் சொல்லுங்க.

பத்து ரூபாயில கதிர்க் கோடு பத்தா, பதினஞ்சான்னு எண்ணி எரர் தேடறதும் அப்படித்தான். 2018 ஜனவரியிலயே பதினாலு டிசைன் இருக்குது, எல்லாம் செல்லும்னு ரிசர்வ் வங்கி சொல்லிடுச்சு.

#10 கொல்லிச்சாரல் (நாமக்கல்)

லக்கி காயின் பத்திச் சொல்லுங்கக்கா. ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கமும் அதே சிங்கம் குழிஞ்சு, இடவலம் மாறித் தெரியுமே, அது. சந்தையில நெம்ப வருது.

#11 சிட்கோ பட்டறை (கோவை)

இதுக்கு நான் சொல்றேன், ஏன்னா போலி அதிகமா வர்றது இதுலதான்.

அடிச்ச காசு வெளிய விழாம ஒரு டையிலயே ஒட்டிக்கும். அடுத்த தகடு உள்ள வந்து அடி வாங்கும். ஒரு பக்கம் நல்ல டை, அக்கட்ட ஒட்டிக்கிட்ட காசு. ஆகவே ஒரு பக்கம் எப்பவும் போல எழும்பின டிசைன், மறுபக்கம் அதே டிசைன் குழியா, கண்ணாடியில பார்த்த மாதிரி. ஒட்டின காசு மேல முதல் அடி விழுந்தது தெளிவா, முழு அளவுல இருக்கும். அடுத்தடுத்து விழ விழ ஒட்டின காசே நசுங்கிப் பரவும், அதனால குழிஞ்ச உருவம் பெருத்து, மங்கி, கடைசியில அடையாளமே தெரியாது.

போலியில ரெண்டு நல்ல காசை முகத்தோடு முகம் வெச்சு பெஞ்ச் வைஸ்லயோ பிரஸ்லயோ அமுக்கறாங்க. பின்பக்கம் நசுங்காம இருக்க ஈயத் தகடோ தோலோ வெப்பாங்க. பார்க்க வேண்டியது இதுதான்: நிஜத்துல குழிஞ்ச பக்கத்துல வேற டிசைன் இருக்கவே கூடாது, ஏன்னா அந்தப் பக்கம் டை படவே இல்லை. போலியில ஏற்கெனவே இருந்த எழுத்து சப்பையாகி அடியில கிடக்கும், அது மேல குழி விழுந்திருக்கும். மேடான இடம் மட்டும் பதிஞ்சு, விளிம்பை ஒட்டின சின்ன எழுத்து பதியாம விட்டுப்போகும். வெர்னியர்ல விட்டம் அளந்தா 0.2, 0.3 மி.மீ. கூடி, ஒரு குறுக்கே கூடுதலா மறு குறுக்கே குறைச்சலா இருக்கும். தட்டையான கண்ணாடி மேல வெச்சா லேசா ஆடும்.

#12 மஞ்சள்மண்டி (ஈரோடு)

ரெண்டு பக்கமும் தலை, ரெண்டுமே எழும்பி நிக்கிறதுன்னா அது லேத் வேலை. ஒரு காசைக் கிண்ணம் மாதிரி குடைஞ்சு, இன்னொண்ணை வில்லையாச் சீவி உள்ள அமுக்கறது. விளிம்போட உள் ஓரத்துல ஊசி நுனியை ஓட்டினா இணைப்புக் கோடு தட்டுப்படும்.

#13 நொய்யல்கரை (திருப்பூர்)

கிளிப் காசு எப்படிங்க? ஓரம் பிறை மாதிரி கடிச்சு எடுத்திருக்குமே. அரத்தால ராவினா யாரு வேணாலும் செஞ்சிடலாமே?

#14 சிட்கோ பட்டறை (கோவை)

ராவினதைக் கண்டுபிடிக்க எதிர்ப்பக்கம் பாருங்க.

நீளமான உலோகப் பட்டையில (ஸ்ட்ரிப்) இருந்து வட்டத் தகடு வெட்டும்போது ஸ்ட்ரிப் சரியா நகராட்டி, பஞ்ச் ஏற்கெனவே வெட்டின ஓட்டை மேல பாதி விழும். பிரஸ் டூல் வேலை பார்க்கிறவங்களுக்கு இது தினமும் பார்க்கிற சங்கதி. பிறை வெட்டு விழுந்த தகடு அப்புறம் விளிம்பு எழுப்புற மெஷினுக்குப் போகுது. அங்க தகடு ரெண்டு சுவத்துக்கு நடுவுல உருளும், எதிரெதிர் பக்கத்துல ஒரே நேரத்துல அழுத்தம் விழும். வெட்டு இருக்கிற இடம் வரும்போது பிடிப்பு இல்லாததால எதிர்ப்பக்கமும் அழுத்தம் வாங்காது. ஆகவே வெட்டுக்கு நேர் எதிர்ல விளிம்பு மெலிஞ்சோ, இல்லாமலோ இருக்கும். நிஜமான கிளிப்புல பெரும்பாலும் இது இருக்கும். ராவின காசுல எதிர் விளிம்பு கொழுகொழுன்னு நிக்கும்.

வெட்டுக்குப் பக்கத்துல எழுத்தையும் பாருங்க. நிஜத்துல உலோகம் காலியான பக்கமா ஓடறதால எழுத்து வெட்டை நோக்கி இழுபட்டு மங்கும். ராவினதுல எழுத்து பாதியில கத்தி வெச்சு அறுத்த மாதிரி நிக்கும். வெட்டோட வளைவும் அதே காசு வெட்டுற பஞ்ச்சோட வளைவா இருக்கணும். அதே மாதிரி இன்னொரு காசை அந்தப் பிறையில வெச்சுப் பொருத்திப் பார்த்தாத் தெரிஞ்சிடும்.

#15 அமராவதி மணல் (கரூர்)

பொதுவா ஒண்ணு: மேலெழும்பின கோடு, கட்டி எல்லாம் டை விரிசல் விட்டதாலயோ உடைஞ்சதாலயோ வந்தது. டையில பள்ளமானா காசுல மேடு. குழிஞ்ச கீறல் பெரும்பாலும் காசு வெளிய வந்தப்புறம் பட்டது. விளிம்பை ஒட்டிப் பெரிய கட்டி இருந்தா, அதுக்கு நேர் பின்பக்கமும் டிசைன் மங்கியிருக்கணும். அந்த இடத்துல உலோகம் உடைஞ்ச டைக்குள்ள ஏறிடறதால எதிர் டைக்கு அழுத்தம் கிடைக்காது. வெல்டிங் சொட்டு வெச்ச போலியில பின்பக்கம் பளிச்சுன்னு இருக்கும்.

எழுத்து விட்டுப்போனது டையில கிரீஸ் அடைச்சதால வர்றது. அந்த இடம் சுத்தியிருக்கிற தளத்தோட ஒரே மாதிரி மினுக்கும். சுரண்டி எடுத்ததுன்னா ஒரே திசையில மயிரிழைக் கோடு தெரியும். கிரீஸ் எரருக்கு நான் காசு செலவு பண்ண மாட்டேன், அவ்வளவு சாதாரணமா வரும்.

#16 மஞ்சள்மண்டி (ஈரோடு)

அதுல எனக்கு ஒப்புதல் இல்லைங்ணா. வருஷமோ மதிப்போ முழுசா மறைஞ்சதுன்னா சேர்த்து வைக்கலாம். ஒரு கால் மங்கினதை விட்டுடலாம், சரி. கத்துக்கிறவங்களுக்கு புழக்கத்துல சும்மா கிடைக்கிறது அதுதான், கண்ணைப் பழக்க அதை விட நல்லது இல்லை.

எழுத்து ரெட்டையாத் தெரியறதுலயும் கவனம் வேணும். அடிச்சு முடிச்சதும் டை லேசா நழுவினா எழுத்தோட ஓரம் படிக்கட்டு மாதிரி சப்பையாகி, எழுத்து மெலிஞ்சிடும். அதுக்கு மதிப்பில்லை. டையே ரெட்டையாப் பதிஞ்சிருந்தா எழுத்து பருத்து, மூலைகள் பிளவுபட்டு நிக்கும். ஆஃப் சென்டர்ல, அதாவது டிசைன் நடு தள்ளி விழுந்ததுல, வருஷமும் மின்ட் குறியும் தெரியற காசுக்குத்தான் மரியாதை. பாதி தள்ளியும் வருஷம் தெரியுதுன்னா நல்ல பொருள். மூணு சதவீதம் தள்ளினதெல்லாம் கணக்கில்லை.

#17 கொல்லிச்சாரல் (நாமக்கல்)

உண்டியல் காசு, பஸ் சில்லறையில தேடலாமுங்களா? அமெரிக்க வீடியோவுல மேல்தகடு உரிஞ்ச காசு காட்டுறாங்க, அது நம்மகிட்ட வருமா?

#18 மஞ்சள்மண்டி (ஈரோடு)

அந்த வீடியோவை வெச்சுத் தேடாதீங்க தம்பி. அவங்க காசு செம்பு மேல தகடு பொதிஞ்சது. நம்ம ஒரு ரூபாய், ரெண்டு ரூபாய் எல்லாம் முழுக்க ஒரே உலோகம், உரிய மேல்தகடே இல்லை. உலோகக் கலவையில அழுக்கு சிக்கி வெங்காயத்தோல் மாதிரி செதில் எழும்புறது மட்டும் வரும்.

உண்டியல் காசுல மஞ்சள், குங்குமம், எண்ணெய் ஏறி நிறம் மாறியிருக்கும். செம்பு நிறமா இருக்குதுன்னு உலோக எரர்னு நினைக்காதீங்க, முதல்ல எடை போடுங்க. சுத்தம் பண்ணணும்னா காய்ச்சி வடிச்ச தண்ணியில (டிஸ்டில்டு வாட்டர்) ஊற வைங்க. எண்ணெய்க்கு சுத்தமான அசிட்டோன், கண்ணாடிக் கிண்ணத்துல, ஜன்னல் திறந்து வெச்சு, அடுப்புக்குத் தூரமா. நகப்பூச்சு எடுக்கிற திரவம் வேண்டாம், அதுல வேற சரக்கு கலந்திருக்கும். துணியால ஒத்தி எடுங்க. புளி, எலுமிச்சை, விபூதி, பிராசோ எதுவும் கூடாது. தேச்ச காசை ஒரு தடவை பார்த்தாலே வாங்கறவங்க கீழ வெச்சுடுவாங்க.

#19 கொல்லிச்சாரல் (நாமக்கல்)

அமராவதி அண்ணா, உங்க ஊர் ஆத்துல கிடைக்கிற சேரர் காசு, ரோமானியக் காசுலயும் ஓரம் தள்ளின உருவம் இருக்குதே. அதையும் எரர்னு விக்கிறாங்க.

#20 அமராவதி மணல் (கரூர்)

அது கையால சம்மட்டி வெச்சு அடிச்சது. காலர் கிடையாது, தகடும் ஒரே அளவு கிடையாது. மாக்கோதைன்னு எழுத்துப் பொறிச்ச சேரர் காசா இருந்தாலும், வெள்ளலூர்ல புதையலாக் கிடைச்ச மாதிரி ரோமானிய வெள்ளிக் காசா இருந்தாலும், உருவம் ஒரு பக்கம் தள்ளி நிக்கிறது அந்தக் காலத்து வழக்கம். அதுக்குன்னு தனி விலை இல்லை, உருவம் முழுசா விழுந்ததுக்குத்தான் மதிப்பு. அரசன் முகத்துல உளியால வெட்டின ரோமானியக் காசும் எரர் இல்லை, அது அடிச்சதுக்கு அப்புறம் வேணும்னே போட்ட வெட்டு. கையால அடிச்சதுலயும் லக்கி உண்டு, ரோமானியக் குடியரசு வெள்ளிக் காசுல நல்லாவே தெரிஞ்ச ஒண்ணு. அது மட்டும்தான் அங்க எரர்னு சொல்லத் தகுந்தது.

வாங்கறதுக்கு முன்னாடி சட்டம் தெரிஞ்சுக்கங்க. மண்ணுக்கடியில கிடைச்ச புதையல் பத்து ரூபாய்க்கு மேல மதிப்பிருந்தா 1878 புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்கணும். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு 1972 சட்டப்படி தொல்பொருள், வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. இன்னொரு பக்கம், 2011 நாணயச் சட்டப்படி புழக்கக் காசை உருக்கறதும் அழிக்கறதும் குற்றம், ஏழு வருஷம் வரைக்கும் தண்டனை இருக்குது. பத்து ரூபாயைப் பஞ்ச் வெச்சுக் கழட்டறவங்க இதைத் தெரிஞ்சுக்கணும்.

#21 நொய்யல்கரை (திருப்பூர்)

ரெண்டாவது காசு அடர்த்தி பார்த்தாச்சுங்க. சோப்பு சொட்டு விட்டு, தண்ணி விலகல் 0.63. முனைகள் உருண்டு, நேர்ப்பக்கத்துல விளிம்பு எழும்பியிருக்குது. விளக்கைச் சாய்ச்சுப் பார்த்ததுல பழைய டிசைன் நிழல் எதுவும் இல்லை. எழுத்து ஓரம் கத்தி மாதிரித்தான் நிக்குது.

#22 சிட்கோ பட்டறை (கோவை)

4.86ஐ 0.63ஆல வகுத்தா 7.71. ஸ்டீல்தான். நீங்க சொல்ற முனையும் விளிம்பும் ஒத்து வருது. வாங்கறதா இருந்தா காசோட கனத்தையும் நாலு இடத்துல அளந்து வைங்க. அச்சடிச்சப்போ தகடு காலருக்குள்ள ஒரு பக்கம் சாஞ்சு நின்னிருந்தா அந்தப் பக்கத்து நேர்ப்பக்கம் நல்லாவும் எதிர்ப்பக்கம் மங்கியும் இருக்கும். ரெண்டு பக்கம் படத்தோட விளிம்புப் படத்தையும் சுத்தி ஆறு கோணத்துல எடுங்க.

#23 மஞ்சள்மண்டி (ஈரோடு)

மைலார் (பாலியஸ்டர் பிலிம்) ஜன்னல் வெச்ச அட்டையில போடுங்க, பிவிசி உறை வேண்டாம். அது நாளாக நாளாகப் பச்சையாப் பிசுபிசுன்னு கசிஞ்சு உலோகத்தை அரிக்கும். அட்டையில ஸ்டேப்ளர் அடிச்சா பின்னோட காலைத் தட்டிச் சப்பையாக்கிடுங்க, இல்லாட்டி பக்கத்துக் காசைக் கீறிடும். திருப்பூர்ல காத்து காஞ்சது, சிலிகா ஜெல் ஒரு பொட்டலம் போதும். வால்பாறை, ஊட்டிப் பக்கம் இருக்கிறவங்க மழைக்காலத்துல அதை மாத்திக்கிட்டே இருக்கணும்.

அட்டைப் பின்னாடி எடை, விட்டம், கனம், காந்தம், தண்ணி விலகல், மின்ட் குறி, வாங்கின தேதி எழுதிடுங்க. எழுதினதுக்கு அப்புறம் காசை உள்ள வைங்க, உள்ள வெச்சுட்டு பேனாவால அழுத்தினா தடம் காசு மேல விழும்.